ஒரு நோயாளியின் நேர்ச்சை
சுல்தான் கலாவூன் வாழ்வும் வக்ஃபும்

நோய்ப் படுக்கையில் கிடக்கும்போது மனிதன் எத்தனையோ நேர்ச்சைகள் செய்துகொள்கிறான். குணமடைந்து எழுந்ததும் அவற்றில் பலவற்றை மறந்துவிடுகிறான். மறவாதவனும் ஓர் ஆட்டை அறுத்து, நாலு ஏழைகளுக்குச் சோறு போட்டதோடு தன் கடமை தீர்ந்தது என்று நிம்மதி அடைகிறான். எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னால், திமிஷ்கு என்னும் டமாஸ்கஸ் நகரில் வயிற்றுவலியால் துடித்துக் கிடந்த ஒரு படைத்தலைவரும் ஒரு நேர்ச்சை செய்தார். அந்த நேர்ச்சை பல நூற்றாண்டுக் காலம் எண்ணற்ற நோயாளிகளுக்கு மருந்தாகவும், உணவாகவும், படுக்கையாகவும் பயன்பட்டது. அவர்தாம் பின்னாளில் எகிப்தையும் ஷாம் தேசத்தையும் ஆண்ட சுல்தான் அல்மலிக்குல் மன்சூர் சைஃபுத்தீன் கலாவூன்.

கலாவூனின் போர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. நாம் இங்கு எடுத்துக்கொண்டது அவர் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனையை. அதை எவ்வாறு கட்டினார், எவ்வாறு நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தார், அதில் நமக்குள்ள படிப்பினை என்ன என்பதைச் சிறிது பார்ப்போம்.

ஆயிரம் தீனார் அடிமை

கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளில் வாழ்ந்த கிப்சாக் துருக்கியர் இனத்தில் பிறந்தவர் கலாவூன். இளமையில் அடிமையாக விற்கப்பட்டு எகிப்துக்கு வந்தார். அவரை வாங்கிய பிரபு கொடுத்த விலை 1000 தீனார். அக்காலத்தில் ஓர் அடிமைக்கு அது மிகப் பெருந்தொகை. அரபியில் அல்ஃபு என்றால் ஆயிரம். அதனால் அவருக்கு அல்அல்ஃபீ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. வளர்ந்த வயதில் வந்தவராதலால் அரபு மொழி அவருக்கு இறுதிவரை சரளமாக வரவில்லை.

அந்தப் பிரபு மௌத்தானபின், கலாவூன் அய்யூபி சுல்தான் ஸாலிஹ் நஜ்முத்தீன் அவர்களின் படையில் சேர்ந்தார். மம்லூக்குகள் எனப்பட்ட இந்த அடிமை வீரர்களுக்குக் குதிரையேற்றமும், வில்வித்தையும், மார்க்கக் கல்வியும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடிந்ததும் விடுதலை கிடைக்கும், பதவியும் கிடைக்கும். இப்படித்தான் கலாவூன் படிப்படியாக உயர்ந்தார். சுல்தான் பைபர்ஸ் காலத்தில் முதல்வரிசை அமீர்களுள் ஒருவராகி, தம் மகளை அந்தச் சுல்தானின் மகனுக்கு மணமுடித்துக் கொடுக்கும் அளவுக்கு மதிப்புப் பெற்றார்.

நூரி மருத்துவமனையில் கண்டது

ஹிஜ்ரி 675ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1276-77ல், பைபர்ஸின் படையோடு ரூம் நாட்டுப் போருக்குச் சென்ற கலாவூன் திமிஷ்கில் நோயுற்றார். குடலைப் பிடித்து முறுக்கும் கொடிய வலி அது. அரபு ஹகீம்கள் அதைக் கூலன்ஜ் என்பார்கள். மருத்துவர்கள் அவருக்குக் கொடுத்த மருந்துகள் அந்நகரின் நூரி மருத்துவமனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அல்லாஹ்வின் அருளால் நோய் நீங்கிற்று.

உடல் தேறியதும் கலாவூன் குதிரை மீதேறி, தமக்கு மருந்து தந்த அந்த இடத்தைத் தாமே பார்க்கச் சென்றார். சுல்தான் நூருத்தீன் ஜங்கி (ரஹ்) அவர்கள் கி.பி. 1154ல் நிறுவிய மருத்துவமனை அது. ஏழைகளுக்கென்றே பெரிதும் ஏற்பட்டது. வெளியில் எங்கும் கிடைக்காத மருந்தாயின் செல்வந்தருக்கும் அங்கே கொடுக்கப்படும். கலாவூனுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் அவ்வூருக்கு வந்த ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் அங்கு நடந்த முறையை எழுதிவைத்திருக்கிறார். எழுத்தர்கள் கையில் பதிவேடுகள் இருக்கும். நோயாளிகளின் பெயர்களும், அவரவர் மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவும் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் வந்து ஒவ்வொருவரையும் பார்த்து, யாருக்கு எந்த மருந்து, எந்த உணவு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நூருத்தீன் (ரஹ்) அவர்கள் மறைந்து 100 ஆண்டுகள் கழிந்தபின் கலாவூன் அங்கே போனார். நிறுவியவர் இல்லை, ஆயினும் அவர் வைத்த ஒழுங்கு ஒரு வெளியூர்ப் படைத்தலைவரின் உயிரைக் காக்கும் அளவுக்கு நின்று நடந்துகொண்டிருந்தது. கலாவூன் வியந்து நின்றார். அல்லாஹ் தமக்கு ஆட்சியைத் தந்தால் இதுபோன்ற மருத்துவமனை ஒன்றைக் கட்டுவதாக அங்கேயே நேர்ச்சை செய்துகொண்டார்.

நேர்ச்சைக் கடன்

கி.பி. 1277ல் பைபர்ஸ் மறைந்தார். அவருடைய மக்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறி இறங்கினர். 1279 நவம்பரில் கலாவூன் சுல்தானானார். ஆட்சி கைக்கு வந்ததும் அமைதி வந்துவிடவில்லை. ஷாம் தேசத்தில் கிளர்ச்சி எழுந்தது. 1281ல் மங்கோலியப் படை ஹிம்ஸ் வரை வந்து, அங்கே முறியடிக்கப்பட்டது. இத்தனை நெருக்கடிக்கும் இடையில் நேர்ச்சையின் நினைவு அவரை விட்டு அகலவில்லை.

கெய்ரோ நகரின் நடுநாயகமான கடைத்தெருவில் பழைய ஃபாத்திமி அரண்மனை ஒன்று இருந்தது. அப்போது அது அய்யூபி குலத்து இளவரசி ஒருவர் வசம் இருந்தது. ஹிஜ்ரி 682ல், வேறொரு மாளிகையை அவருக்கு ஈடாகக் கொடுத்து, சுல்தான் அந்த இடத்தைப் பெற்றார். மருத்துவமனை, மத்ரஸா, தமக்கு ஓர் அடக்கத்தலம், அனாதைக் குழந்தைகள் குர்ஆன் ஓத ஒரு மக்தப் என எல்லாம் சேர்ந்த பெரிய திட்டம் அது. ஹிஜ்ரி 683ல் வேலை தொடங்கி 684ல், ஏறக்குறைய 13 மாதங்களில், முழுவதும் முடிந்துவிட்டது. இவற்றுள் முதலில் முடிந்தது மருத்துவமனைதான். அந்த ஆண்டு ரமலானிலேயே அது தயாராகிவிட்டது. தம் கப்ரின் மேல் எழும்ப வேண்டிய கட்டடத்துக்கு முன்பாக நோயாளிகளின் கட்டடம் முடிந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

கட்டடத்தில் விழுந்த கறை

இவ்வளவு பெரிய வேலை இவ்வளவு விரைவில் முடிந்தது எப்படி? இதைச் சொல்லாமல் விட்டால் வரலாற்றுக்கு நாம் துரோகம் செய்தவர்களாவோம்.

வேலையை நடத்தும் பொறுப்பு அமீர் சன்ஜர் அஷ்ஷுஜாஈ என்பவரிடம் கொடுக்கப்பட்டது. ஆற்றல் மிக்கவர், இரக்கம் குறைந்தவர். கெய்ரோவிலும் பழைய மிஸ்ரிலும் உள்ள கைவினைஞர்கள் வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது என்று கட்டளையிட்டு, எல்லாரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். மங்கோலியக் கைதிகளும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். நைல் நதியின் ரவ்ழா தீவில் இருந்த கோட்டையைப் பிரித்துத் தூண்களும் பளிங்குக் கற்களும் கொண்டுவரப்பட்டன. தெருவில் போவோர் வருவோரையும், குதிரைமேல் செல்வோராயினும், இறக்கிக் கல் சுமக்க வைத்தார். மக்கள் அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டனர்.

கட்டடம் எழும்பியது, கூடவே கேள்வியும் எழும்பியது. விருப்பமில்லாதவர்களை வாட்டி வேலை வாங்கிக் கட்டிய இடத்தில் தொழலாமா என்று உலமாக்களிடம் மக்கள் ஃபத்வா கேட்டனர். பேணுதலுள்ள ஆலிம்கள் பலர் அந்த மத்ரஸாவில் தொழுவதைத் தவிர்த்தார்கள். நோயாளிக்காகச் செய்த நேர்ச்சை அல்லாஹ்வுக்கு உரியது. அதை நிறைவேற்ற ஒரு கூலிக்காரனின் முதுகை ஒடிப்பது அந்த நேர்ச்சைக்கு அழகாகுமா? நிய்யத்து நல்லதாக இருந்தாலும் வழி தவறினால் கறை படிந்துவிடுகிறது. எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசும் எந்த வரலாற்றாசிரியரும் அந்தக் கறையைச் சொல்லாமல் போகவில்லை.

சுல்தான் இதை முற்றும் அறியாதிருந்தார் என்று நாம் வாதாட வரவில்லை. அதிகாரியைத் தேர்ந்தெடுத்தவரே அதிகாரியின் செயலுக்கும் பொறுப்பாளி. ஆனால் கட்டி முடித்தபின் அவர் செய்ததையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும்.

வக்ஃபுப் பத்திரம்

மருத்துவமனை திறந்த நாளில் சுல்தான் அங்குள்ள பானத்தில் ஒரு கிண்ணம் வரவழைத்துக் குடித்தார். தம்மைப் போன்றவர்களுக்கும் தமக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இதை வக்ஃபு செய்ததாக அறிவித்தார். அரசர்-சேவகர், சுதந்திரர்-அடிமை, பெரியவர்-சிறியவர், ஆண்-பெண் என்ற வேறுபாடு அங்கே கிடையாது. வக்ஃபுப் பத்திரம் முஸ்லிம் நோயாளிகளுக்கென்று எழுதப்பட்டது. அவர்களில் செல்வரும் வறியவரும், கெய்ரோவாசிகளும் வெளியூரிலிருந்து வருவோரும் சமமாகவே சேர்க்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை.

மருத்துவமனைக்கும் அதனோடு சேர்ந்த மற்ற அமைப்புகளுக்கும் சுல்தான் வக்ஃபாக எழுதிவைத்த சொத்துக்கள் பல. கடைகள், குளிப்பு விடுதிகள், வணிகர் சத்திரங்கள் முதலியவை கெய்ரோவில் இருந்தன. ஷாம் தேசத்திலும் சொத்துக்கள் உண்டு. இவற்றின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ பத்து லட்சம் திர்ஹம் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி குறித்துள்ளார். சுல்தானின் கருவூலம் நிறைந்திருந்தாலும் காலியானாலும், அடுத்து வரும் அரசர் கொடையாளியானாலும் கருமியானாலும் நோயாளியின் கஞ்சிக்குக் குறைவு வரக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

பணத்தை மட்டும் எழுதிவைத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. நாள்தோறும் அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார். அந்த நிபந்தனைகளில் சிலவற்றைப் பாருங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் தேவைக்கேற்ற கட்டிலும், பஞ்சு மெத்தையும், தலையணையும், போர்வையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருடைய உணவும் தனித்தனிப் பாத்திரத்தில், மூடி போட்டு வர வேண்டும். ஒருவர் பாத்திரத்தில் மற்றொருவர் சாப்பிடக் கூடாது. கோடைகாலத்தில் விசிறிக்கொள்ள ஓலை விசிறி கொடுக்க வேண்டும். தங்கும் காலத்துக்கு இத்தனை நாள் என்ற கணக்குக் கிடையாது. நோய் நீங்கும்வரை இருக்கலாம். குணமாகிப் போகும்போது உடுத்திக்கொள்ள உடை கொடுத்தனுப்ப வேண்டும். மௌத்தாகிவிட்டால் குளிப்பாட்டுவது, கஃபன், அடக்கம் எல்லாம் வக்ஃபுச் செலவு.

மருத்துவமனைக்கு வர இயலாமல் வீட்டில் கிடக்கும் ஏழை நோயாளியையும் பத்திரம் மறக்கவில்லை. அவருக்கு வேண்டிய மருந்தும் பானமும் உணவும் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் குறைந்துவிடக் கூடாது என்றும் எழுதப்பட்டிருந்தது. பிற்காலத்தில் இந்த மருத்துவமனையின் நிர்வாகப் பணியில் இருந்த நுவைரீ என்னும் அறிஞர், தம் காலத்தில் ஒரு சமயம் இப்படி வீட்டிலிருந்தே உதவி பெற்றவர்கள் மட்டும் 200 பேருக்கு மேல் இருந்ததாகக் குறித்துள்ளார்.

வேலை நடந்த ஒழுங்கு

கட்டடமே நோய்க்கேற்பப் பிரிக்கப்பட்டிருந்தது. நான்கு பெரிய மண்டபங்கள் காய்ச்சல்காரர்களுக்கு. கண் நோய்க்கு ஒரு கூடம், காயம்பட்டவர்களுக்கு ஒரு கூடம், வயிற்றுப்போக்குக்கு ஒரு கூடம், பெண்களுக்குத் தனியிடம். எல்லா இடங்களிலும் தண்ணீர் ஓடும்படி வசதி செய்திருந்தார்கள். சமைக்க ஓரிடம், லேகியமும் கண்மருந்தும் தயாரிக்க ஓரிடம், மருந்துகளை வைக்கக் களஞ்சியம், தலைமை மருத்துவர் அமர்ந்து மாணவர்களுக்குப் பாடம் சொல்ல ஓரிடம் என எல்லாம் தனித்தனியே இருந்தன.

ஆட்களின் பொறுப்பும் அவ்வாறே பிரிக்கப்பட்டது. களஞ்சியத்துக்கு நம்பிக்கையான ஒருவர். மருத்துவர் எழுதியபடி, காலையிலும் மாலையிலும் அந்தந்த நோயாளியிடம் மருந்து போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஒருவர். அவரே சமையற்கட்டையும் கவனித்து, யாருக்கு எந்த உணவு என்று விதித்திருக்கிறதோ அது அவருக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தை வைத்திருப்பவர் வேறு, கொடுப்பவர் வேறு. இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே கையில் களஞ்சியமும் பங்கீடும் இருந்தால் அந்தக் கை எவ்வளவு நல்ல கையானாலும் ஷைத்தானுக்கு வழி திறந்துவிடும்.

பொது மருத்துவர், கண் மருத்துவர், காயத்துக்கு வைத்தியம் செய்வோர் என மூவகையினரும் நியமிக்கப்பட்டனர். அவர்கள் நோயாளிகளை நேரில் பார்த்து, ஒவ்வொருவர் நிலையையும் கேட்டறிந்து, வேண்டியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரவிலும் முறைவைத்து மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். நோய்க்கு இரவு பகல் தெரியாது என்பதைப் பத்திரம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாளிர் என்னும் மேற்பார்வையாளர். நம் ஊர் வழக்கில் முதவல்லி என்று சொல்லலாம். சுல்தான் தாம் உயிரோடிருக்கும்வரை அந்தப் பொறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தமக்குப்பின் தம் மக்கள் வழியினரிடமும், அவர்களுக்குப்பின் ஷாஃபிஈ மத்ஹபின் காழியிடமும் அது சேர வேண்டும் என்று எழுதிவைத்தார். வாரிசு அற்றுப்போனாலும் மேற்பார்வை அற்றுப்போகக் கூடாது என்பது அவர் எண்ணம்.

மறைவும் பின்னும்

கி.பி. 1290 நவம்பரில், அக்கா நகரை நோக்கிப் படையெடுத்துப் புறப்பட்ட சுல்தான், கெய்ரோவைத் தாண்டுமுன்பே கூடாரத்தில் நோயுற்று மறைந்தார். பின்னர் தாம் கட்டிய அடக்கத்தலத்திலேயே அடக்கப்பட்டார். அந்தத் தலத்துக்கும் மத்ரஸாவுக்கும் நடுவே செல்லும் நீண்ட நடைவழிதான் மருத்துவமனைக்குப் போகும் வழி. நோயாளிகளும், அவர்களைப் பார்க்க வருவோரும், மருத்துவர்களும் அவருடைய கப்ரைக் கடந்தே நூற்றாண்டுக் கணக்கில் போய்வந்தார்கள்.

நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றிவருவதை உலகில் முதன்முதலில் எடுத்துரைத்த பெரும் மருத்துவர் இப்னு நஃபீஸ் கெய்ரோவில் வாழ்ந்தவர். 1288ல் மௌத்தான அவர், தம் வீட்டையும் தம் கித்தாபுகளையும் இந்த மருத்துவமனைக்கே வக்ஃபு செய்தார். சுல்தானின் செல்வத்தோடு ஓர் அறிஞரின் செல்வமும் இவ்வாறு சேர்ந்தது. 1326ல் கெய்ரோவைப் பார்த்த இப்னு பத்தூதா, இந்த மருத்துவமனையின் சிறப்பைச் சொல்லி முடியாது என்று வியந்து, அதன் ஒரு நாள் வருமானம் 1000 தீனார் என்று மக்கள் சொல்வதாகவும் எழுதினார். ஒரு காலத்தில் கலாவூனின் விலையாக இருந்த அதே தொகை!

வளர்ந்தது தேயாமல் இருப்பதில்லை. நாளடைவில் வக்ஃபுச் சொத்துக்கள் பழுதடைந்தன, வருமானம் சுருங்கியது. 1798ல் பிரெஞ்சுக்காரர்கள் எகிப்துக்கு வந்தபோது மருத்துவமனை மிகவும் சீர்கெட்டுக் கிடந்தது. அக்கட்டடத்தின் சிதைவுகளே இன்று எஞ்சியுள்ளன. ஆயினும் அந்த நிலத்தில் மருத்துவம் நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு கண் மருத்துவமனை எழுப்பப்பட்டு, அது கலாவூன் பெயராலேயே வழங்கி வந்தது.

நாம் கற்க வேண்டியது

சகோதரர்களே! தர்மம் செய்யும் மனம் நம் சமுதாயத்தில் குறைவில்லை. இலவச மருந்தகம் திறக்கிறோம். மருத்துவமனைக்குக் கட்டிலும் கருவியும் வாங்கிக் கொடுக்கிறோம். திறப்பு விழாவும் சிறப்பாக நடத்துகிறோம். பத்தாண்டு கழித்து அந்தக் கட்டில் எங்கே, அந்த மருந்தின் கணக்கு எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. கொடுத்தவர் போய்விட்டார், நடத்துவதற்கு எழுதிவைத்த முறை ஒன்றும் இல்லை.

கலாவூன் பெற்றது என்ன? நூருத்தீன் (ரஹ்) அவர்கள் வைத்துவிட்டுப் போன ஒழுங்கின் பயனை அவர் நோயாளியாகப் பெற்றார். அதே ஒழுங்கைத் தம் நாட்டு நோயாளிக்கும் கொடுத்தார். நோயாளியின் கிண்ணத்துக்கு மூடி வேண்டும் என்று ஒரு சுல்தான் பத்திரத்தில் எழுதிவைத்தார் என்றால், படுக்கையில் கிடப்பவனின் சிரமம் என்ன என்பதை அவர் பட்டு அறிந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம். ஸதக்கத்துல் ஜாரியா என்னும் நிலைத்த தர்மம் நிலைப்பது இத்தகைய சிறு சிறு நிபந்தனைகளால்தான். வருமானத்துக்கு நிலையான சொத்து, செலவுக்கு எழுதிய முறை, மருந்தைக் காப்பவரும் கொடுப்பவரும் வேறுவேறு ஆள், தலைமுறை மாறினாலும் மாறாத மேற்பார்வை ஆகியவை இல்லாத இடத்தில் நல்லெண்ணம் மட்டும் நோயாளிக்கு மருந்தாகாது.

சன்ஜர் அமீரின் கதையையும் நாம் மறக்கலாகாது. நோயாளிக்கு இரங்கி, வேலைக்காரனை வாட்டும் நிர்வாகம் இன்றும் உண்டு. கூட்டிப் பெருக்கும் பெண்ணின் கூலியைப் பிடித்து ஏழைக்கு மருந்து வாங்கினால் அது யாருடைய தர்மம்? பொறுப்பில் இருப்போர் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. வக்ஃபு ஓர் அமானிதம். அதில் நோயாளியின் ஹக்கும் உண்டு. அங்கு உழைப்பவரின் ஹக்கும் உண்டு.

நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களுக்குக் கிதுமத்துச் செய்வோருக்கு நேர்மையையும் பொறுமையையும், நேர்ச்சை செய்தோருக்கு அதைத் தூய வழியில் நிறைவேற்றும் தவ்ஃபீக்கையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.